கடன் வாங்கிக் கழித்தல்

கல்லூரிச் சாலையில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி.
ஏ.சி. அறை. ஏழு வட்ட மேசைகள்.
மேசைக்கு ஒரு கட்டு வண்ணத்தாள்.
நாங்கள் நாற்பத்திரண்டு மாவட்டக் கல்வி அலுவலர்கள்.
கைபேசிகள் ஒருசேர அதிர்கின்றன:
'மிக அவசரம். மாலை நான்கு மணிக்குள்.'
எங்களுக்கு வந்ததை அப்படியே கீழே தள்ளிவிட்டோம்,
மேசைக்கடியில், கட்டைவிரலால்,
'மூன்று மணிக்குள்' என்று திருத்தி.

பயிற்றுநர் வர்கீஸ் கேட்டார்:
"உங்கள் மாவட்டத்தில் ஒரு குழந்தையின் பெயர் சொல்லுங்கள்.
கூடவே, அதற்கு எது வரவில்லை என்றும்."

எனக்குத் தெரிந்தது
பள்ளிகள் இருநூற்று நாற்பது,
கழிப்பறைப் பழுது பதினொன்று,
வருகை தொண்ணூற்று மூன்று புள்ளி நாலு.
பக்கத்தில் பொன்னேரி கமலக்கண்ணன் சார்
"என் பேத்தி பெயரைச் சொல்லலாமா?" என்றார்.
சிரித்தோம்.
அப்புறம் வெகுநேரம் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

பதினாறு வருடம் கணக்கு டீச்சர் நான்.
தாளில் பெயர் எழுத மறந்திருந்தாலும்
தப்பைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன்.
பிறகு ஜீப் வந்தது, பச்சை மை வந்தது.
தப்புகள் சதவீதமாயின.

திங்கட்கிழமை, சொல்லாமல், காசிமேடு.
மீன்பிடித் தடைக்காலம்; படகுகள் தோளோடு தோள் நின்றன.
என்னைப் பார்த்ததும் பள்ளிக்குள் ஓட்டம்:
பதிவேடுகள், பிஸ்கட் தட்டு, ஒரு நல்ல நாற்காலி.
வேண்டாமென்று ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில்
முட்டியை மடக்கி உட்கார்ந்தேன்.

பக்கத்தில் யுவராணி.
503 − 278.
அவள் எழுதிய விடை 375.

"எப்படிம்மா?"
"பெருசுலேர்ந்து சின்னதைத்தான மிஸ் கழிக்கணும்?"
"மூணுலேர்ந்து எட்டு போகாதே.
பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்ல?"
"பக்கத்துல சைபர் மிஸ்.
அவங்ககிட்டயே இல்ல,
அவங்ககிட்ட போய் எப்டிக் கேக்குறது?"

தலைமையாசிரியை சலேத் மேரியிடம்
மாத அறிக்கையை வாங்கிப் பார்த்தேன்.
'கழித்தல்: நூறு சதவீதம் அடைவு.'
அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.
"போன வருஷம் நாற்பத்தொண்ணுன்னு
உள்ளதை எழுதி அனுப்பினேன்.
மெமோ வந்துச்சு மேடம்.
இன்னும் வெச்சிருக்கேன்."
எடுத்துக் காட்டினார்.
பச்சை மை.
என் கையெழுத்தில் அந்தக் கடைசிச் சுழி
எவ்வளவு அழகாக விழுந்திருந்தது.

பிஸ்கட்டைச் சாப்பிட்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

ஜீப்பில் வரும்போது பேசின் பாலத்தில் நெரிசல்.
போட்டுப் பார்த்தேன், டைரியின் ஓரத்தில்:
சைபரிடம் கேட்டுப் பயனில்லை.
அதற்கும் அந்தப் பக்கம் நூறின் வீட்டில்தான் கேட்க வேண்டும்.
நூறு தன்னில் ஒன்றை உடைத்தால்
பத்துக்குக் கிடைக்கும்; பத்து உடைத்தால் ஒன்றுக்கு.
நானோ நூறின் வீட்டில் இருந்துகொண்டு
ஒன்றின் வீட்டுக்கு ஆளனுப்பி
வசூல் செய்துகொண்டிருந்தேன்.

வெள்ளி ஆய்வுக் கூட்டத்தில் பட்டியல் போடவில்லை.
கரும்பலகையில் 503 − 278 எழுதி,
"உங்கள் பள்ளியில் எத்தனை பேருக்கு 375 வரும்?" என்றேன்.
முதலில் விசிறிகள் மட்டும் சுற்றின.
பிறகு புளியந்தோப்பு இதயத்துல்லா சார்
"மெமோ வராதுன்னா... பதினாலு பேர்" என்றார்.
கொடுங்கையூர் இருபத்திரண்டு.
சலேத் மேரி எழுந்து, கடுமையாக, "முப்பது."
அத்தனை தெளிவாக எண்கள் சொல்லி
நான் அங்கே கேட்டதில்லை.

மூன்று மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.
அடைவு சதவீதம் கேட்டார்கள், மிக அவசரம்.
ஐம்பத்தேழு என்று அனுப்பினேன்.
விளக்கம் கேட்டு நாளை கடிதம் வரும்.
பதில் இன்னும் எழுதவில்லை.

அடுத்த வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு கட்டுத் தாள்.
புரட்டினேன்.
225, 375, 225, வெறும் தாள், 225.
ஒன்றில் மட்டும் 235.
கடன் வாங்கியிருக்கிறாள்.
நடுவீடு ஒன்றைக் கொடுத்துவிட்டதை மறந்துவிட்டாள்.
புதுத் தப்பு.

தாளில் பெயரில்லை.